கரைமேட்டுக் கோட்டையின் பெரிய கதவு

துலுக்காணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அப்புறம். கரைமேட்டுப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் வாட்ச்மேன், நான் நர்ஸ். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். அத்தனை வருஷமும் ஒரே ஒரு கதவுக்காக அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றேன். விக்டோரியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

ஆஸ்பத்திரி என்றதும் வெள்ளையடித்த நீளக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கோட்டை. பொன்னேரிக்கு மேற்கே, ஆரணியாற்றின் வடகரையில், நாலு மூலையிலும் உருண்டைக் கோபுரம் வைத்துக் கட்டியது. கரைமேட்டு ஜமீன்தாரின் தாத்தா ஏதோ பிஸ்கெட் டப்பா மூடியில் சீமைக் கோட்டை ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கட்டினாராம். படத்தில் கோட்டைக்குப் பின்னால் ஆறு ஓடியது. அதனால் இவரும் ஆற்றை ஒட்டியே கட்டினார். சீமை ஆறு எப்படியோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஆறு சித்திரையில் வெறும் மணலாகக் கிடக்கும், ஐப்பசியில் ஆளை விழுங்கும். டப்பா மூடியில் அதையெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜமீன் ஒழிந்த பிறகு குடும்பம் மெட்ராஸுக்குப் போய்விட்டது. கோட்டை கொஞ்ச காலம் நெல் கிடங்காக இருந்தது. அப்புறம் வௌவால்கள் குடியேறின. அறுபத்து நாலில் சர்க்கார் அதை எடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஆக்கியது. நான் மீஞ்சூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து வேலையில் சேர்ந்தேன். சதிர் ஆடிய கூடத்தில் பிரசவம் பார்த்தோம். சரவிளக்கு தொங்கிய கொக்கியில் சலைன் பாட்டில் தொங்கியது. துப்பாக்கி வைத்திருந்த அறையில் டிஞ்சரும் பஞ்சும். எதிரியைச் சுடுவதற்கென்று கோபுரத்து உச்சியில் பல்லுப் பல்லாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதில் நாங்கள் குழந்தைத் துணி காயப் போட்டோம். அந்தக் கோட்டைக்கு அதைவிட நல்ல உபயோகம் எந்த ராஜாவும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உள்ளே வர இரண்டு வழி. வடக்கே ரோட்டைப் பார்த்துப் பெரிய கதவு. தெற்கே படித்துறைப் பக்கம் ஆற்று வாசல், அந்தக் காலத்தில் பால்காரரும் துணி வெளுப்பவரும் வேலைக்காரிகளும் வந்து போன வழி. பெரிய கதவை ஜமீனில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் முழுசாகத் திறப்பார்கள். மற்ற நாளில் அந்தக் கதவிலேயே வெட்டிய சின்னத் திட்டிவாசல்தான், ஒவ்வொருவராகக் குனிந்து நுழைய வேண்டும். போகப்போக ஜமீன் வீட்டுக் கல்யாணங்கள் மெட்ராஸில் மண்டபம் பிடித்து நடக்க ஆரம்பித்தன. சாவு மட்டும் கோட்டையிலேயே நடந்தது. ஆக, ஊர்க் கண்ணுக்கு ஒரு தலைமுறைக் காலமாக அந்தக் கதவு வழியே வந்ததெல்லாம் பாடைதான். குழாயடிச் சண்டையில் பெண்கள், 'உனுக்குப் பெரிய கதவு தொறக்க' என்று சாபம் விடுவார்கள். அதற்கு மேல் ஒரு சாபம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

இது தெரியாமல் மேலதிகாரிகள் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவன்று பெரிய கதவை அகலத் திறந்து, வாழை கட்டி, ரிப்பன் வெட்டினார்கள். அதற்குப் பின் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எட்டிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா சந்திரகலாவும் நானும் ஆயா அங்காளம்மாளும் காலிக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அங்காளம்மாள்தான் சமாச்சாரத்தைச் சொன்னாள். கதவைச் சாத்தி உள்ளே குறுக்காகக் கணையமரத்தைப் போட்ட மறுநாளே ஆற்று வாசல் வழியாக ஒருத்தி வந்து பெற்றுக்கொண்டு போனாள். அதன் பிறகு கட்டில் போதவில்லை. சர்க்கார் போர்டு பெரிய கதவின் மேலே தொங்கியது, சனமெல்லாம் ஆற்று வாசலில் நின்றது.

அந்தக் கதவின் சாவிதான் துலுக்காணத்தின் இடுப்பில் இருந்தது. அவர் அப்பா ஜமீனுக்குக் கதவுக்காரர், அவருக்குப் பின் இவர். கோட்டையோடு சேர்த்து சர்க்கார் இவரையும் எடுத்துக்கொண்டது. நெட்டை ஆள். ஆயுசெல்லாம் திட்டிவாசலில் குனிந்து குனிந்து முதுகில் ஒரு வளைவு வந்துவிட்டது. வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொள்வார். குழந்தை பிறந்தால் படித்துறையில் காத்திருப்பவர்களிடம் முதலில் போய்ச் சொல்வது அவர்தான். ஆணோ பெண்ணோ, ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு சொல்வார். அந்த ஒரு குணத்துக்காகவே அவர் மேல் இருந்த என் கோபம் பாதி குறையும்.

மீதிப் பாதி மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடும். பெரிய வயிற்றோடு திட்டிவாசலில் குனிந்து நுழைய முடியாது. ஆற்று வாசலுக்குப் போக மதிலைச் சுற்றிக் கரைமேல் நடக்க வேண்டும். களிமண் கரை. நிறைமாதக்காரிகள் வழுக்கி வழுக்கி வருவார்கள். பெரிய கதவைத் திறங்கள் அண்ணே என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்தது. அவர் சண்டை போட மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார். சாவியை வேட்டி மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய்விடுவார். டாக்டரம்மா ஒரு தரம், சாவியை வாங்கி நாமே திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார்கள். திறக்கலாம், ஆனால் யார் வருவார்கள்? துலுக்காணம் திறந்தால்தான் ஊர் வரும். எனக்கு அது தெரிந்ததால்தான் அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவரே காரணத்தைச் சொன்னார். பெரிய ஜமீன்தார் செத்த அன்றைக்கு, அவர்கள் வழக்கப்படி, சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வரும்வரை கதவுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மதிலோரத்துக் குடிசையில் இவர் மனைவி முத்தம்மாவுக்கு இடுப்பு வலி. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து கூப்பிட்டாள். இவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"யாரும் என்னைக் கட்டிப் போடல சிஸ்டரம்மா. கதவுலேர்ந்து கையை எடுக்கணும்னு எனுக்குத் தோணவே இல்ல. நான் போய்ப் பாக்கறப்போ கொழந்த கீது, அவ இல்ல. அந்தக் கதவு ஒரு சாவோட நிக்காது."

கதவா கொன்றது, ரத்தம் நிற்காமல் போனது கொன்றது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாதது கொன்றது என்று நான் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சாவியை மட்டும் தரவில்லை.

அந்தக் குழந்தைதான் மணியம்மாள். மறு கல்யாணம் செய்துகொள்ளாமல் அவளைத் தனி ஆளாக வளர்த்தார். தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாம் அவர்தான். ஆளானதும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பச்சையப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார். நல்ல பையன்தான். ஆனால் மணியம்மாளுக்கு இரண்டு தரம் கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது தரம் ஏழு மாதம் தாண்டியதும் துலுக்காணத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வயிறு இவ்வளவு இருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது என்று என்னிடம் ஒப்பிப்பார். மாசம் நிறைவதற்கு முன்னாலேயே கூட்டி வந்து கட்டிலில் போடுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். ஐப்பசி அடைமழை விடட்டும் என்றார்கள். மழையாவது, சொன்ன பேச்சைக் கேட்பதாவது!

எழுபத்தாறாம் வருஷம். மேற்கே கொட்டிய மழையெல்லாம் ஆற்றில் வந்து இறங்கியது. காலையில் படித்துறையைக் காணோம். மத்தியானத்துக்குள் ஆற்று வாசலின் பாதிக் கதவு தண்ணீருக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த பெண்களையும் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, நாங்கள் ஈரத்துணியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தார்கள்.

நான் திட்டிவாசலில் குனிந்து வெளியே போனேன். கம்பெனி லாரி. தார்ப்பாய்க்கு அடியில் நார்க்கட்டிலில் மணியம்மாள். கூட பச்சையப்பன், டிரைவர் யேசுதாஸ், அக்கம்பக்கத்து ஆள் ஒருவர். நான் லாரியில் ஏறிப் பார்த்தேன். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் வேறு. லாரியில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை இது. படுத்திருப்பவளைத் திட்டிவாசலில் குனிய வைக்க முடியாது, கட்டில் அதில் நுழையாது. பெரிய கதவைத் திறங்கள் என்று கத்தினேன்.

துலுக்காணம் என் பின்னாலேயே வந்து மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஆத்து வாசலுக்குத் தூக்கிக்கினு போய்டலாம்," என்றார்.

பைத்தியமா உங்களுக்கு, அங்கே வாசலே இல்லை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பச்சையப்பனும் கரைமேட்டில் பிறந்தவன்தானே, அவனுக்கும் அந்தக் கதவென்றால் பயம். யேசுதாஸ் மட்டும் தயங்கினார், அவர் செவ்வாப்பேட்டைக்காரர், ஆனால் மாமனாரும் மருமகனும் சொல்லும்போது அவர் என்ன செய்வார்? நாலு பேரும் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனார்கள். மூலைக் கோபுரம் திரும்பியதும் தண்ணீர் மார்பளவு. இழுப்பு வேறு. பச்சையப்பன் கால் நழுவி ஒரு முழுக்குப் போட்டு எழுந்தான். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து மணியம்மாளின் தலைமயிர் தண்ணீரைத் தொட்டது. நான் யேசுவே யேசுவே என்று கரையில் நின்றேன். எப்படியோ மதிலைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். கட்டிலை மறுபடியும் பெரிய கதவுக்கு முன்னால் ரோட்டில் வைத்தார்கள்.

மணியம்மாள் அதுவரை வலியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "நைனா, இந்தக் கதவுல செத்தவங்கல்லாம் எங்க போனாங்க? வெளியதான போனாங்க? நான் உள்ள போறேன். தொற."

துலுக்காணம் அவளையே பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். பிறகு அவர் குனிந்து திட்டிவாசலில் நுழைந்தார். நான் பின்னால் ஓடினேன். திறப்பு விழாவோடு போட்ட கணையமரம், ஊறிப் போய் அசைய மறுத்தது. அவரும் நானும் அங்காளம்மாளும் சேர்ந்து இழுத்தோம், வெளியிலிருந்து மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள். பூட்டில் சாவி திரும்பியது. கதவு உறுமிக்கொண்டு திறந்தது.

திறந்ததும் துலுக்காணம் என்ன செய்தார் தெரியுமா? கதவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். பழக்கம். கட்டிலுக்கு நாலு கால், வெளியே இருப்பதோ மூன்று பேர். அவர்கள் தடுமாறுகிறார்கள். பெற்ற மகள் மழையில் கிடக்கிறாள். இவர் ஜமீன்தார் பாடைக்கு நின்ற மாதிரி நிற்கிறார், கண் எங்கேயோ இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கதவை விடுங்கண்ணே! கட்டிலைப் பிடிங்க!"

அவர் தன் கையைத் தானே பார்த்தார். அந்தக் கை கதவிலிருந்து வந்துவிட்டது. ஓடிப் போய் நாலாவது காலைத் தோளில் ஏற்றினார். காற்று கதவுகளை அறைந்துவிடப் பார்த்தது. ஒன்றுக்கு அங்காளம்மாள் முதுகைக் கொடுத்தாள், இன்னொன்றுக்கு நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே மணியம்மாளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் உள்ளே போனார்கள். அத்தனை வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடியவர், அன்றைக்குத்தான் முதல் முறையாக அதன் வழியே குனியாமல் நடந்தார்.

சரவிளக்குக் கொக்கியில் சலைன் ஏறியது. டாக்டரம்மா சந்திரகலா கைராசிக்காரர், பதறாதவர். கால் வந்தது, உடம்பு வந்தது, தலை மட்டும் நின்றுவிட்டது. அந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தலையும் வந்தது. குழந்தை அழவில்லை. நான் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தேன், வாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வீறிட்டு ஒரு அழுகை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எங்களுக்கு. பெண் குழந்தை. மணியம்மாளுக்கு ரத்தமும் கட்டுப்பட்டது. அவள் கண்ணைத் திறந்து, அழுவுதா என்று கேட்டாள். காது கிழிகிறது உனக்குக் கேட்கவில்லையா என்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

வெளியே கூடத்து வாசலில் துலுக்காணம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரிடம் அவர் போய்ச் சொல்வார், அன்றைக்கு நான் போய் அவரிடம் சொன்னேன். மணியம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கிறாள், பசிக்கிறது என்கிறாள் என்றேன். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சமையலறைப் பக்கம் போய்க் கஞ்சி போடச் சொல்லிச் சத்தம் போட்டது கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். எங்கள் ஊர் விடுமா? ஆற்று வாசல் முழுக்க வண்டல் அடைத்துக் கிடந்த அந்த நாட்களில், மணியம்மாள் பிழைத்துக்கொண்டாள் என்ற சேதி கேட்டு வலி எடுத்தவர்கள் பெரிய கதவு வழியாகவே வந்தார்கள். வருவது வந்தார்கள், போகத்தான் மாட்டேன் என்றார்கள். உள்ளே போகலாம், வெளியே போனால்தான் ஆகாது, மணியம்மாளே சொல்லியிருக்கிறாள் என்று புதுச் சட்டம் பேசினார்கள். வண்டல் வாரி முடிக்கட்டும், ஆற்று வாசலில் போய்க்கொள்கிறோம் என்று, உடம்பு தேறியவர்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. புதிதாக வந்தவர்களைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். ஒரு பைத்தியக்காரத்தனத்தை விரட்டினால் இன்னொன்று வந்து உட்காருகிறதே என்று எனக்குத் தலை வெடித்தது. வாய்த்துடுக்குக்காரி, உன்னால் வந்த வினை என்று மணியம்மாளைத் திட்டினேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவளும்தான் ஆற்று வாசலுக்குக் காத்திருந்தாள்.

வண்டல் வாரி முடித்து, ஆற்று வாசல் திறந்த அன்று காலையில் பச்சையப்பனின் சொந்தக்காரர்கள் எல்லாரும் படித்துறையில் கூடிவிட்டார்கள். துலுக்காணம் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பேத்தியைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கினார். மணியம்மாள் பச்சையப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் மெல்ல நடந்தாள். வாசல் பிரியும் நடு முற்றத்துக்கு வந்ததும் எல்லாரும் தெற்கே திரும்பினார்கள். துலுக்காணம் வடக்கே திரும்பினார்.

மாடித் தாழ்வாரத்தில் நின்ற பெண்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். மணியம்மாள், நைனா என்று கூப்பிட்டு நின்றுவிட்டாள். நான் கிட்டே ஓடினேன். இத்தனை வருஷம் எதற்காகச் சண்டை போட்டேனோ அது நடக்கப் போகிறது, ஆனால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கதவை ஏறிட்டுப் பார்த்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. அண்ணே, உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று பிறகு ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

"உசுரோட உள்ள வரதுக்கு அது பழகிக்கிச்சு," என்றார். "வெளிய போறதுக்கும் பழகட்டும்."

பேத்தியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கதவும் அகலத் திறந்திருந்த அந்தப் பெரிய வாசல் வழியாக, நிமிர்ந்து, வெளியே நடந்தார். பின்னாலேயே மணியம்மாள் நடந்தாள். படித்துறையில் காத்திருந்த சொந்தக்காரர்கள் சத்தம் கேட்டு மதிலைச் சுற்றி ஓடி வந்தார்கள். மத்தியானத்துக்குள் எனக்குப் பாதிக் கட்டில் காலியாகிவிட்டது. குழாயடியில் சண்டைக்காரிகள் வேறு சாபம் தேடிக்கொண்டார்கள்.

ரோட்டில் வண்டி தயாராக நின்றது. குழந்தையை மகள் மடியில் வைத்துவிட்டுத் துலுக்காணம் திரும்பி வந்தார். வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான், அத்தனை வருஷப் பழக்கத்தில், கதவைச் சாத்திவிடவா அண்ணே என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சிஸ்டரம்மா?" என்றார்.